தீம் ஃபோல்டருக்குள் தம்பி

1

இந்தக் கதை ஒரு மெனு காணாமல் போனதில் தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய தத்துவம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: “மனிதன் தன் சுவடுகளை எங்கெங்கே விட்டுச் செல்கிறான் என்பதை...” அடித்துவிட்டேன். பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. இப்படித் தொடங்கும் வாக்கியங்களை வாரத்துக்கு நாற்பது பார்க்கிறேன், வீட்டிலும் வேண்டாம்.

இரண்டாவது: “அவன் பெயர்...” அதையும் அடித்தேன். இந்தக் கதையில் யாருக்கும் பெயர் கிடையாது. காரணம் மூன்றாம் பகுதியில் வரும்.

மூன்றாவது: “சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் தம்பி எனக்காகச் செய்து வைத்திருந்ததை எல்லாம் என் கையாலேயே அழித்தேன்.”

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

எனக்கு ஓர் இணையதளம் உண்டு. என் கதைகளும் சில்லறைக் கட்டுரைகளும் அதில் இருக்கின்றன. நான் எழுதுவதைச் சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பேன். ஒரு மென்பொருள் அவற்றை எடுத்து இணையப் பக்கங்களாகக் கட்டித் தரும். அந்தப் பக்கங்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்று தீர்மானிப்பது தீம். முன்பின் தெரியாத யாரோ தைத்து இலவசமாகத் தொங்கவிட்டிருக்கும் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கி, தீம் என்ற ஃபோல்டருக்குள் வைத்து, நம் உடம்புக்குத் தக்கபடி பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைச் செய்து கொடுத்தவன் என் தம்பி.

“எந்தத் தீம் வேணும்? நூத்தி எழுபது இருக்கு.”

“எதுவா இருந்தா என்னடா? எழுத்து தெரிஞ்சா போதும்.”

“எழுத்து தெரிஞ்சா போதுமாம். நாலு கதை எழுதினதும் பேச்சைப் பாரு. தள்ளி உக்காரு, எழுத்தாளரே.”

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அவன் மூன்று மணி நேரம் என்னவோ தட்டிக்கொண்டிருந்தான். “சாப்பிட வாடா” என்று நான்கு முறை கூப்பிட்டேன். “இதோ, இதோ” என்றான். கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டு, “ஆச்சு, இனிமே எழுதறதுதான் பாக்கி” என்று சொல்லிக் கிளம்பினான்.*

* முந்தைய வரைவில் தம்பியைக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவனாக ஆக்கியிருந்தேன். நான்காம் பகுதியைப் படித்தால் ஏன் என்று புரியும். கதைக்கு அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. அதனாலேயே எடுத்தேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். கணினி அவனாகக் கற்றுக்கொண்டது.

3

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவன் வந்து என்னிடம் ஒரு விஷயம் சொன்னான். வேறு யாரிடமும் சொல்லாதது. சொல்லும்போது

[இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.]

ஆறு மாதம் கழித்து அதை நான் கதையாக எழுதினேன். பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன், தொழிலை மாற்றினேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதானே என்று சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். ஒரு பத்திரிகையில் வந்தது. பாராட்டினார்கள். சந்தோஷமாக எடுத்து என் தளத்திலும் போட்டேன், அவன் கட்டிக்கொடுத்த தளத்தில். அவனோடு வேலை செய்யும் ஒருவர் படித்துவிட்டு அவனிடமே கேட்டிருக்கிறார், “இது உன் கதை மாதிரி இருக்கே?”

அவன் என் வீட்டு வாசலில் நின்றுதான் பேசினான். உள்ளே வரவில்லை.

“பேரை மாத்தின. ஊரை மாத்தின. நான் அழுததை மட்டும் மாத்தலையேக்கா.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் சொன்னது: “கதைன்னா கதைடா. அது நீ இல்ல.”

அதோடு சரி. இரண்டு வருடம் பேச்சு இல்லை. ஒரே மாதத்தில் அந்தக் கதையைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்ததை அவனிடம் சொல்லவில்லை. எனக்கு வாய்க்கொழுப்பு எவ்வளவோ அவ்வளவு வீம்பும் உண்டு.

ஆகவே, வாசகரே, அவன் சொன்ன அந்த விஷயம் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடாது. இந்தக் கதையின் நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

4

என் பழைய மடிக்கணினி போன வாரம் மண்டையைப் போட்டது. கோப்புகள் ஒரு பென்டிரைவில் இருந்தன, பிழைத்தேன். புதிய கணினியில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவினேன். அதற்குப் பழைய தீம் ஒத்துவரவில்லை. சிவப்பு எழுத்தில் பதினேழு பிழைகள் வந்து நின்றன. பிறர் பிழையைச் சிவப்பில் காட்டியே சாப்பிடுகிறவளுக்கு நல்ல பாடம்.

தீமின் பக்கத்தில் வழி போட்டிருந்தது: பழைய தீம் ஃபோல்டரை நீக்கிவிட்டுப் புதியதை அதே இடத்தில் வையுங்கள். நீக்கினேன். வைத்தேன். சுத்தமான பெண் என்பதால் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பென்டிரைவிலும் அதையே செய்தேன், இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே. பிழைகள் மறைந்தன. தளத்தை வலையேற்றிவிட்டு, நானே செய்துவிட்டேன் என்ற மிதப்பில் உலாவியைத் திறந்தேன்.

யார் வீட்டுக்குள்ளோ நுழைந்தது போல இருந்தது. வெளேர் என்று கண்ணைக் குத்தும் வெள்ளை. எழுத்துகள் எறும்பு எறும்பாக. ஒரு வரியின் கொம்பு மேல் வரியின் காலை இடித்தது. மெனுவைக் காணவே காணோம். நாற்பது நிமிடம் தேடினேன். தீமைச் செய்தவரைத் திட்டினேன், அவர் பரம்பரையையும் சேர்த்து.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண்ணில் பார்வை கிடையாது. வலது கண்ணும் சுமார்தான். திரையில் மூக்கு முட்டும்படி குனிந்துதான் படிப்பேன். இடது ஓரத்தில் இருப்பது தெரிய வேண்டுமென்றால் தலையைத் திருப்ப வேண்டும்.

தலையைத் திருப்பினேன். மெனு அங்கே இருந்தது.

அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. தீம் பிறந்ததே அப்படித்தான். வலப்பக்கம் நகர்த்தியவன் அவன். வெள்ளையைப் பழைய தாளின் நிறமாக மாற்றியவன் அவன். எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தவனும் அவன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சோறு ஆறியது இதற்குத்தான். மூன்று வருடமாக நான் தினமும் அதில் படித்துக்கொண்டிருந்தேன். தீம் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்!

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குறும்புக்கு ஒரு வரி போட்டிருந்தான்: “பிழை இருந்தால் அக்காவிடம் சொல்லவும்.” சண்டைக்குப் பிறகு அதை எடுக்கத் தெரியாமல் விட்டிருந்தேன். இப்போது அந்த இடத்தில் தீமின் பெயரும் பதிப்பு எண்ணும் இருந்தன. அழுதுவிட்டேன். இதை நயமாகச் சொல்ல ஒரு வழி தேடினேன், கிடைக்கவில்லை. உட்கார்ந்து அழுதேன், அவ்வளவுதான்.

5

“எப்படிடா இருக்க” அழித்தேன்.

“உன்கிட்ட ஒரு சின்ன” அழித்தேன்.

“அன்னிக்கு நான்” இதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன்.

“மெனு இடப்பக்கம் போயிடுச்சு.” அனுப்பிவிட்டேன்.

மூன்று நிமிடத்தில் ஃபோன் அடித்தது.

“என்ன பண்ணின?”

“தீமை அப்டேட் பண்ணேன்.”

“பழைய ஃபோல்டர்?”

“தூக்கிட்டேன்.”

“குப்பைத் தொட்டியில இருக்குமே?”

“காலி பண்ணிட்டேன். பென்டிரைவ்லயும்.”

“பலே. நீ எதையுமே அரைகுறையா செய்ய மாட்ட.” என்றான். “மத்தியானம் சாப்பிடும்போது பாத்தேன். மெனு அந்தப் பக்கம் கிடந்தது. உன் கண்ணுக்குத் தெரியாதேன்னு நினைச்சேன்.”

“நீ பாப்பியா? என் சைட்டை?”

“ஓடுதா இல்லையான்னு பாக்கறதுதான்.”

“ரெண்டு வருஷமாவா?”

“லிஃப்டையே மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாக்கறோம்.”

மூக்கை உறிஞ்சினேன். அவன் அதைக் கவனிக்காதவன் போல மளமளவென்று பேசினான்.

“தப்பு என்னோடதும்தான். தீம் ஃபோல்டருக்குள்ளயே கையை வச்சு மாத்தியிருக்கக் கூடாது. அது வேறவங்க இடம், அப்டேட் வந்தா துடைச்சிட்டுப் போயிடும். வெளியில உனக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. மாத்தணும்னு நினைக்கிற ஃபைலை அங்க அதே பேர்ல காப்பி எடுத்து வச்சுதான் மாத்தணும். அங்க இருந்தா அதுதான் செல்லும். தீம் எத்தனை தடவை மாறினாலும் ஒண்ணும் ஆகாது. எனக்கு அப்பவே தெரியும். நீ நாலு தடவை சாப்பிடக் கூப்பிட்டியா, அவசரத்துல பண்ணிட்டேன்.”

“நான்தான்டா கேக்காம தூக்கினது.”

“சரி விடு. எங்கிட்ட ஒரு காப்பி இருக்கு.”

“அதை ஏன்டா வச்சிருக்க?”

“கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கியா? நான் சொல்லச் சொல்ல நீயே பண்ணு. அப்பதான் அடுத்த தடவை தெரியும்” என்றான்.

அவன் பழைய கோப்புகளை அனுப்பினான். ஒவ்வொன்றாக, தீமுக்கு வெளியே, என் ஃபோல்டரில் வைத்தேன். புதிய பதிப்புக்கு ஒத்துவராத இரண்டு வரிகளை அவன் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன். முதலில் நிறம் வந்தது. பிறகு எழுத்து. கடைசியாக மெனு வந்து வலப்பக்கம் உட்கார்ந்தது.

“வந்துச்சா?”

“வந்துடுச்சுடா.”

“அழறியா?”

“இல்ல.”

“சரி.” பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னான்: “அந்தக் கதை இருந்த இடத்துக்கு ஒரு நாள் போனேன். இல்லாத பக்கத்துக்குப் போனா காட்டறதுக்குன்னு நான் ஒரு வரி எழுதி வச்சேன்ல, ‘இந்தப் பக்கம் இங்கே இல்லை, அக்கா வேறு ஏதாவது எழுதியிருப்பாள்’னு? அதுதான் வந்துச்சு. சிரிச்சிட்டேன்.”

நான் எடுத்துவிட்டது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்லாமலேயே. என்னிடம் வந்து சொல்லத்தான் அவனுக்கும் மனம் வரவில்லை. வீம்பில் ஒரே குடும்பம்தானே.

ஃபோனை வைக்கப்போகும்போது கேட்டான்:

“இதையும் எழுதுவியா?”

6

வழக்கமாக இந்த இடத்தில் சில முடிவுகளை வரிசையாக வைத்து, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வது உண்டு. வைத்துப் பார்த்தேன்.

ஒன்று: “மாட்டவே மாட்டேன்டா” என்கிறாள் அக்கா. அவன் நம்புகிறான். அப்புறம் அவள் எழுதுகிறாள். இதை ஏற்கெனவே வாழ்ந்தாகிவிட்டது.

இன்னொன்று: அக்கா எழுதுவதையே விட்டுவிடுகிறாள். இதைப் படித்தால் அவன்தான் முதலில் சிரிப்பான். பத்து நாள் தாங்க மாட்டேன்.

வேறொன்றில் வாசல் மணி அடிக்கிறது, அவன் நிற்கிறான், இருவரும்... இதை எழுத எழுத எனக்கே சர்க்கரை ஏறிவிட்டது. தூக்கிப் போட்டேன்.

உண்மையில் நான் சொன்னது இது: “எழுதுவேன்டா. எழுதாம இருக்க எனக்குத் தெரியல. ஆனா முதல்ல நீ படிப்ப. நீ வேணாம்னா வேணாம்.”

“பாக்கலாம்” என்று வைத்துவிட்டான்.

7

இந்தத் தளத்தில் ஒவ்வொரு பதிவின் தலையிலும் ‘வரைவு’ என்று ஒரு வரி உண்டு. அதில் ‘ஆம்’ என்று இருந்தால் அந்தப் பதிவு யார் கண்ணிலும் படாது. ‘இல்லை’ என்று மாற்றி வலையேற்றினால் உலகமே பார்க்கும். இந்தக் கதையில் இப்போது ‘ஆம்’ இருக்கிறது. என் கோப்புகள் எல்லாம் இப்போது அவன் கணினியிலும் திறக்கும்படி செய்து, தளத்தின் சாவியையும் கொடுத்துவிட்டேன். வலையேற்ற அவனுக்குத் தெரியும்.

எனவே முடிவை இந்த முறை உங்கள் கையில் கொடுக்கவில்லை, மன்னியுங்கள். அவன் கையில் கொடுத்திருக்கிறேன். எந்த வரியையும் வெட்டலாம், முழுவதையுமே அழிக்கலாம், குப்பைத் தொட்டியையும் காலி செய்யலாம். அடுத்த பகுதியில், அன்று வாசலில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். அது அவனுக்காக.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பியின் குரலில் எழுத எனக்கு வரும். அதைச் செய்துதான் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். கீழே அவன் ஏதாவது எழுதியிருந்தால், அதையும் அக்காதான் எழுதியிருப்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். உங்களை நம்ப வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

8

[இங்க அக்கா ரெண்டு பக்கத்துக்குத் தன்னைத்தானே திட்டி எழுதியிருந்தா. படிச்சேன். எடுத்துட்டேன். நான் படிச்சது போதும்.

மூணாம் பகுதியில நான் அழுததுன்னு ஒரு வரி இருக்கு. அதை வெட்டலாம்னுதான் முதல்ல போனேன். இருக்கட்டும். இந்தத் தடவை அதை நான்தான் விட்டு வச்சிருக்கேன்.

ஃபோன்ல பாத்தா மெனு கீழ இடிக்குது. ஞாயித்துக்கிழமை வந்து சரி பண்றேன். ஒரு தடவை கூப்பிட்டா போதும், வந்து சாப்பிடறேன்.

வரைவு: இல்லை.]

பிழை இருந்தால் அக்காவிடம் சொல்லவும்.