ஸ்பேர் கேபிள்

"சர்வரைத் தொடாதீங்க. அதை அணைச்சா படமும் நின்னுடும். முதல்ல அதோட ஸ்கிரீனைப் பாருங்க. பச்சைக் கோடெல்லாம் ஆடுதா?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஈரப் பஞ்சால் அண்ணனின் உதட்டை ஒற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஆடுதுக்கா. நல்லாவே ஆடுது," என்றார் தியேட்டர் ஆபரேட்டர்.

"சர்வர்லேருந்து சத்தம் வெளிய போகுது, அப்ப. கீழ சவுண்ட் ப்ராசஸர்ல என்ன தெரியுது?"

"அது செத்துக் கிடக்குக்கா."

சட்டென்று போனின் சத்தத்தைக் குறைத்தாள். கட்டிலில் அண்ணன் கண்ணை மூடியிருந்தான். கேட்டதா கேட்கவில்லையா, தெரியவில்லை. மஞ்சள் பாய்ந்த முகத்தில் மூக்கு மட்டும் நீளமாகத் தெரிந்தது. கல்லீரலில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்த பிறகு, வாடகைக்கு எடுத்த இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் அவனுக்கு எல்லாமும். அவள் வேலைக்குப் போய்விடும் பகல்களில் அவனைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மாவுக்கு இன்று விடுமுறை. அண்ணி பல ராத்திரிகளாகக் கண் மூடவில்லை. "நீ இன்னிக்கு எங்கயும் போகாத. நான் குளிச்சிட்டு வர்ற வரைக்குமாவது பக்கத்துல இரு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போயிருந்தாள்.

அண்ணி போன பிறகுதான் போன் அடித்தது. புதுப்படம், முதல் நாள், மதியக் காட்சி. திரையில் ஆள் வாயை அசைக்கிறான், சத்தம் வரவில்லை. திடீரென்று வருகிறது, மறுபடியும் போகிறது. ஜனங்கள் சீட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எடுக்காமல்தான் இருந்திருப்பாள். ஆனால் போன் அடித்தபோது அண்ணன் கண்ணைத் திறந்து, அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். இத்தனை வருஷமாக வேனை ஓட்டிக்கொண்டே, "எடுடி, அவன் பாவம் அங்க அடி வாங்கிட்டிருப்பான்" என்று சொல்லும் பார்வை.

தியேட்டர்காரர்கள் அண்ணனை அவன் குரலுக்காக ஜெனரேட்டர் என்பார்கள். அவள் மேலே புரொஜெக்‌ஷன் ரூமில் மீட்டரை வைத்துக்கொண்டு முட்டி போட்டிருப்பாள். அவன் கீழே காலி ஹாலின் கடைசி வரிசையில் நின்று, "இடது பக்கம் ஊமை! பின்னாடி ரெண்டாவது பெட்டி இருமுது!" என்று கத்துவான். மைக்கும் வேண்டாம், போனும் வேண்டாம். கண்ணாடித் தடுப்பைத் தாண்டி அவளுக்குக் கேட்கும். ஒயரைத் தொடமாட்டான், ஷாக் அடிக்கும் என்று பயம். பெட்டிகளைத் தூக்குவது, முதலாளிகளைச் சிரிக்கவைப்பது, அவள் சாப்பிட்டாளா என்று பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. எந்தத் தியேட்டரில் வேலை முடித்தாலும் கிளம்பும்போது ஒரு ஸ்பேர் கேபிளை எங்காவது சொருகிவிட்டு வருவான். எங்கே என்று சொல்லமாட்டான். "சொன்னா எடுத்து வேற எதுக்காவது மாட்டிடுவானுங்க. வேணும்னா என்னைக் கேளு" என்பான்.

"ப்ராசஸருக்குப் பின்னாடி வாங்க," என்றாள் போனில். "சர்வர்லேருந்து வர்ற கேபிளைப் பிடிச்சு லேசா அசைங்க. லேசா."

பெருமூச்சு, ஏதோ உருளும் சத்தம். அப்புறம் திடீரென்று யாரோ அலறும் வசனம், பாதியில் அறுந்தது.

"வந்துச்சுக்கா! போயிடுச்சு. வந்துச்சு... போச்சு."

"கேபிள்தான். முனையில பின்னு விட்டிருக்கு. மாத்தினா சரியாயிடும். ஸ்பேர் இருக்கா?"

"அண்ணன்தான் எங்கயோ வச்சாரு. எங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் கட்டில் பக்கம் குனிந்தாள். "அண்ணே. அண்ணே, காது கேக்குதா? அந்தப் பழைய தியேட்டர்ல ஸ்பேர் கேபிளை எங்க வச்ச?"

அண்ணனின் கண் திறந்தது. உதடு அசைந்தது. "மேல," என்றான்.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டு நாளாக அவளிடம் ஒரு வார்த்தை பேசாதவன், வேலை என்றதும் பேசுகிறான்.

"மேலயாம். ஆம்ப்ளிஃபயர் ரேக்குக்கு மேல பாருங்க."

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. "தூசிதான்க்கா இருக்கு. ஒரு செத்த பல்லி இருக்கு."

"அண்ணே, ரேக்குக்கு மேல இல்லையாம்."

"மேல," என்றான் அண்ணன் மறுபடியும். போர்வைக்கு வெளியே கிடந்த கை கொஞ்சம் எழும்பி, விழுந்தது.

"அலமாரி மேல? ஃபால்ஸ் சீலிங்லயா?"

"மே..."

"மேலன்னு சொல்லிட்ட. எங்க மேல?" என்றாள். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. வேலை நேரத்தில் இருவருக்கும் நடுவே எப்போதும் இருக்கும் எரிச்சல்தான், புதிதாக ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்தாள், அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். "நேரமாகுது, அதைத் தேட வேணாம். கேபிளோட கனம் தொங்கி இழுக்குது. கேபிளை ரேக்கோட சேத்துக் கட்டிடுங்க, முனைக்கு டேப் போட்டு இறுக்குங்க. இந்தக் காட்சி ஓடிடும்."

அவர் கட்டி முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்மாடியில் ஒருத்தி போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். போனில் திடீரென்று இசை பொங்கியது. அதன் பின்னால் நூற்றுக்கணக்கான பேர் விசிலடித்தார்கள்.

"வந்துடுச்சுக்கா! நிக்குது!"

"வந்துடுச்சுண்ணே," என்று திரும்பினாள்.

அண்ணனின் தலை தலையணையிலிருந்து சரிந்து, கன்னம் கட்டில் கம்பியில் அழுந்தியிருந்தது. வாய் திறந்திருந்தது. ஈரத் தலையோடு அண்ணி வாசலில் நின்றாள். போனில் இன்னும் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

அண்ணி அழவில்லை. வந்து, கம்பியிலிருந்து அவன் கன்னத்தை விலக்கித் தலையணைக்கு நடுவில் வைத்தாள். கம்பி பதிந்த கோட்டை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். அது போகவில்லை.

சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. தியேட்டர் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது பேசினாரா?" என்று கேட்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று அதுவரை காத்திருந்தவள்போல அவள் சொன்னாள். போன் வந்தது, கேபிளைப் பற்றிக் கேட்டது, அவன் கண்ணைத் திறந்து பதில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடப்பாவி மனுஷா!" என்றார் மேனேஜர். "உயிர் போற நேரத்துலயும் நம்ம காட்சி நிக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்கானே!"

அது நாற்காலி நாற்காலியாகப் பரவியது. புதிதாக வந்தவர்களுக்கு மேனேஜரே சொன்னார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவளுக்கு நெஞ்சில் ஏதோ கொஞ்சம் தளர்ந்தது. அண்ணி டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தவள், நின்றாள்.

"என்ன சொன்னாரு?"

"மேலன்னாரு அண்ணி. ரெண்டு மூணு தடவை. ஸ்பேர் கேபிள் மேல இருக்குன்னு."

அண்ணி அவளையே பார்த்தாள். "ஓ," என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்து திரும்பும்போது ஆபரேட்டர் அவள் பக்கத்தில் ஒதுங்கி நடந்தார். அவளைவிட வயதில் மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"சொல்லணுமா வேணாமான்னு தெரியலக்கா. கேபிள் கிடைச்சுடுச்சு. ராத்திரிக் காட்சிக்கு அதைத்தான் மாட்டினேன். நல்லா ஓடுது."

"எங்க இருந்துச்சு?"

"கீழதான். யுபிஎஸ்-க்குப் பின்னால, தரையோட தரையா. பாலித்தீன் பையில சுத்தி வச்சிருந்தாரு."

"மறந்திருப்பாரு," என்றாள் அவள்.

"அதான். அந்த நேரத்துல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்," என்றார் அவர்.

அதற்கடுத்த நாள் நர்ஸம்மா வந்தாள். பிரஷர் பார்க்கும் கருவியையும் வீட்டுச் செருப்பையும் இங்கேயே விட்டிருந்தாள். காலிக் கட்டிலைப் பார்த்ததும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். "நான் லீவு போட்ட அன்னிக்கா போகணும்? ரொம்பச் சிரமப்பட்டாராம்மா?"

"இல்ல. பேசிட்டிருந்தாரு."

"பேசினாரா?" நர்ஸம்மா கண்ணைத் துடைத்தாள். "கடைசி வாரம் பேச்சே இல்லியே. 'மேல', அது ஒண்ணுதான் சொல்வாரு. மூச்சு முட்டுனா சொல்வாரு. நானும் உங்க அண்ணியும் ஆளுக்கொரு அக்குள்ல கை குடுத்து மேல தூக்கி உக்கார வைப்போம். நெஞ்சு கொஞ்சம் லேசாகும். அப்புறம் தூங்கிடுவாரு. பாவம், அந்த ஒரு வார்த்தைக்கே எவ்வளவு பாடுபடுவாரு தெரியுமா?"

பிரஷர் கருவியின் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தபடி நர்ஸம்மா இன்னும் என்னென்னவோ சொன்னாள். எப்படியும் ஒரு நாள் முன்பின்னாகப் போகிற உயிர்தான், யார் என்ன செய்திருந்தாலும் நிற்காது, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே அதுவே அவர் செய்த புண்ணியம் என்றாள். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நர்ஸம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போதும் தலையாட்டிக்கொண்டுதான் நின்றாள்.

திரும்பியபோது உள்ளறைக் கதவருகே அண்ணி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் டம்ளர்களோடு நின்ற அதே முகம். அந்த நிமிஷமே அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், மேனேஜர் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நடமாடியிருக்கிறாள்.

"அண்ணி..."

அண்ணி காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"மணி என்ன ஆகுது, இன்னும் நீ சாப்பிடல," என்றாள் அண்ணி கடைசியில். அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் ஒரு தட்டை வைத்தாள். ஒரே தட்டு. "கை கழுவிட்டு வந்து சாப்பிடு." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவள் வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. குழாய்க்குள் எங்கோ காற்று ஓடும் சத்தம் மட்டும் வந்தது. மொட்டைமாடித் தொட்டி காலியாகியிருக்கும். இரண்டு நாளாக யாரும் மோட்டார் போடவில்லை. குழாயை மூடத் தோன்றவில்லை. உள்ளங்கையை அதன் கீழே ஏந்தியபடி, அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.