சலவைக்காரிகளின் பள்ளம்

"மாடத்துப் பக்கம் வராதீங்க மிஸ். விருந்தாளிங்க வந்துட்டாங்க," என்று பட்லர் டாப்லி கதவை மறித்து நின்றான்.

"இந்தத் தோட்டத்தைப் போட்டதே நான்தான் டாப்லி!"

"தெரியும் மிஸ். அதான், பள்ளத்து வழி உங்களுக்கு அத்துப்படின்னு எஜமானி சொன்னாங்க."

புதுத் தொப்பியோடு வந்திருந்த ஹெஸ்டர் பிளம்லிக்கு முகம் சிவந்துவிட்டது. தோட்டக்கலைக் கல்லூரியில் ஆண்களோடு மல்லுக்கட்டிப் படித்து, 'நில வடிவமைப்பாளர்' என்று சொந்தமாகப் பலகை மாட்டியவள். இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் அப்படி வேறொரு பெண் கிடையாது. ஆனாலும் என்ன? கூலிக்காரி கூலிக்காரிதான்.

எஜமானி லேடி ஆக்சன்ஹாம் ரோஜாப் பாத்தி கேட்டாள், குளம் கேட்டாள். அவற்றைவிட முக்கியமாக இன்னொன்று கேட்டாள். வெளுக்கிற பெண்கள் ஈரத்துணிக் கூடையோடு போவது அவள் கண்ணில் படக்கூடாது. அதுவரை எஜமானி எதிரே வந்தால் அவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அதுகூட அவளுக்குப் போதவில்லை. ஹெஸ்டர் ஏழடி ஆழத்தில் பாதை வெட்டி, இரு கரையிலும் வேலி வளர்த்தாள். இறங்க பன்னிரண்டு படி, ஏற பன்னிரண்டு படி.

அந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்குபவர்களில் ஒருத்தி ஆக்னஸ், ஹெஸ்டரின் தாய். வேலை கைநழுவிவிடும் என்று பயந்து, தாய் தகப்பன் இருவருமே இறந்துவிட்டதாக ஹெஸ்டர் சொல்லியிருந்தாள். "செத்தவளுக்கு முழங்கால் வலிக்குமாடி?" என்று ஆக்னஸ் அதையும் சிரித்துத் தள்ளியிருந்தாள்.

இன்று வந்திருக்கும் சீமாட்டி நாற்பது ஏக்கர் தோட்டம் போட ஆள் தேடுகிறாள். அது கிடைக்காவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். குளக்கரையிலாவது அவளைப் பிடித்துவிடலாம் என்று ஹெஸ்டர் பள்ளத்தில் இறங்கினாள்.

வெயில் எட்டாத அடிப்படியில், கூடையை இறக்கி வைத்து ஆக்னஸ் இருமிக்கொண்டிருந்தாள். "என்னடி, நீயும் இந்த வழியா?"

அப்போது தலைக்குமேல் லேடி ஆக்சன்ஹாமின் குரல் கேட்டது. ஆக்னஸ் பழக்க தோஷத்தில் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்பக்கூடக் கீழே ஆளுங்க போயிட்டிருப்பாங்க. ஏதாவது தெரியுதா?"

"அட, ஒண்ணுமே தெரியலையே! சத்தமும் இல்ல! இதே மாதிரி எனக்கும் வேணும். யார் போட்டது?"

"ஒரு பொண்ணு. அநாதை. தொந்தரவே கிடையாது."

ஆக்னஸுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. ஹெஸ்டர் கூடையிலிருந்து ஈரத் தலையணை உறையை உருவி அவள் வாயில் வைத்து அழுத்தினாள். கிழவியின் கண்கள் பிதுங்கின. சிரிப்பும் பேச்சும் தேய்ந்து மறையும்வரை அந்தக் கை தளரவில்லை. பெற்றவளின் வாயைப் பொத்திய பாவி!

கையை எடுத்ததும் ஆக்னஸ் வெகுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு உறையை விரித்துப் பார்த்தாள்.

"உங்க பள்ளம் நல்லாத்தான் வேலை செய்யுது மிஸ்," என்றாள். "இதை மட்டும் மறுபடி அலசணும்."