பின்பக்கத்துக் கேள்விகள்

எண்பதுக்கு நாலு. நைஃபா வாங்கின மார்க் அவ்வளவுதான்.

இது குறைவாக வாங்கினால் வருத்தப்பட வேண்டிய பரீட்சை இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவருக்கு எவ்வளவு பாரம் என்று அளக்கிற படிவம். இருபது கேள்வி. 'ஒருபோதும் இல்லை' என்றால் பூஜ்யம், 'எப்போதும்' என்றால் நாலு. கூட்டி நாற்பதைத் தொட்டால் ஆய்வுக்குழு இரண்டு வாரம் பார்த்துக்கொள்ள ஒரு நர்சை வீட்டுக்கே அனுப்பி வைக்கும். தொடாவிட்டால் நன்றிக் கடிதம் அனுப்பும்.

அந்த நாலு மார்க்கும் எந்தக் கேள்விக்கு விழுந்தது என்று நினைத்தால்தான், படிவத்தோடு வீடு வீடாகப் போகிற நர்ஸ் ருதைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இவருக்கு இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதா?' அதற்கு மட்டும் நைஃபா 'எப்போதும்' என்று சொல்லியிருந்தாள். மற்ற பத்தொன்பதுக்கும் பூஜ்யம்.

இர்பித் ஊரில் முப்பத்தொரு வீடு ஏறி இறங்கியிருந்தாள் ருதைனா. எல்லா வீட்டிலும் இதே கதைதான். "களைப்பா இருக்கா?" "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல." "கோபம் வருதா?" "அஸ்தஃபிருல்லாஹ், அல்லா மன்னிக்கணும், என்ன கேள்வி சிஸ்டர் இது?" அவள் வேறென்ன செய்வாள், பூஜ்யம் போட்டுக்கொண்டு வருவாள். ஆய்வுக்குத் தலைவரான டாக்டர் லுவாய்க்கு ஒரே சந்தோஷம். "நம்ம குடும்பங்க எவ்ளோ உறுதின்னு பாத்தியா? உலகமே ஆச்சரியப்படப் போகுது." உலகம் ஆச்சரியப்படட்டும். அந்த மனுஷன் ஒரு வீட்டுப் படியாவது ஏறியிருக்க வேண்டாமா?

நைஃபாவின் பித்தப்பையில் கல். இரண்டு தடவை வலி வந்து துடித்து, ஒரு தடவை காமாலையும் எட்டிப் பார்த்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சைக்குத் தேதி. ஏற்கெனவே இரண்டு தேதியைத் தட்டிக் கழித்தவள். மூன்றாவதையும் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். "யாபாவ யார் பாத்துக்குவா?" என்று படுக்கையில் கிடக்கும் அப்பாவைக் காட்டிக் கேட்பதுதான் அவளுடைய ஒரே பதில். அதனால்தான் ருதைனா டாக்டரிடம் மல்லுக்கட்டி, மறுபடி ஒரு தடவை கேட்க அனுமதி வாங்கினாள். "இன்னைக்கு ஒரு நாள்தான். அவங்க வாயால சொன்னதைத்தான் எழுதணும்" என்றார் அவர். அது நியாயம்தான், அவளும் மறுக்கவில்லை.

பள்ளிவாசலை ஒட்டின மூன்று மாடிக் கட்டடம். இரண்டாவது மாடியில் கதவைத் திறந்த நைஃபாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இது ஏழாவது வருஷம். வந்த மாசமே வேலையை விட்டுவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஷிப்லி வேறு ஊரில், ஜர்காவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பெட்டி இனிப்போடு வருவான், ஒரு மணி நேரம் உட்காருவான், "உனக்கு சொர்க்கம் நிச்சயம்மா" என்று சொல்லிவிட்டுப் போவான். சொர்க்கத்துக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு, படுக்கைத் துணி துவைக்கிற வேலை இவளுக்கு.

"மறுபடியுமா சிஸ்டர்? போன தடவை நான் என்ன தப்பா சொன்னேன்?"

"தப்பா ஒண்ணும் சொல்லலக்கா. சரியாத்தான் சொல்லலை."

நைஃபா சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் அவளுடைய அப்பா அபூ ஷிப்லி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. தாடி ஒழுங்காக வெட்டியிருந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ருதைனா வழக்கம்போல முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்த்தாள். ஒரு சிவப்பு கிடையாது. இருபது வருஷம் வார்டில் வேலை பார்த்தவள் அவள். ஏழு வருஷம் படுக்கையில் கிடந்த உடம்பில் ஒரு புண்கூட இல்லையென்றால் அது சும்மா வராது, எவளோ ஒருத்தி தன் உடம்பைக் கொடுத்துத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி, கேளுங்க" என்று நைஃபா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

கேட்டாள். முதல் கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை'. இரண்டாவதுக்கும் அதேதான். மூன்றாவதை வாசிக்கும்போது பெரியவரின் கண் மகளையே பார்த்துக்கொண்டிருந்ததை ருதைனா கவனித்தாள். படிவத்தை மூடினாள்.

"அக்கா, டீ குடிக்கலாமா? வாங்க, அடுப்படிக்குப் போவோம்."

அடுப்படியில் நைஃபா குரலைத் தணித்தாள். "இங்க வெச்சுக் கேட்டாலும் அதே பதில்தான். இந்த வீட்ல ஊசி விழுந்தாலும் அவருக்குக் கேக்கும்."

"ரெண்டு வாரம்க்கா. செவ்வாக்கிழமை ஆபரேஷனை முடிச்சிட்டு உடம்பு தேறி வந்துரலாம். உண்மையச் சொல்லுங்க, போதும்."

"உண்மைன்னா? 'எங்கப்பாவால எனக்குக் கஷ்டம்'னு சொல்லணுமா? அத ஒரு காகிதத்துல வேற எழுதி வெப்பீங்களா?" கெட்டிலில் தண்ணீர் பிடித்தபடி சொன்னாள். "அவர் பஸ் ஓட்டி எங்களை வளத்தாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், முதுகு வலிக்குதுன்னு அவர் சொல்லி நான் கேட்டதில்ல. நான் மட்டும் சொல்லிட்டா அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

இப்படிச் சொல்கிறவளிடம் 'ஒருபோதும் இல்லையா, சில சமயமா' என்று கேட்டால் என்ன வரும்? கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு ருதைனா வேறு மாதிரி ஆரம்பித்தாள். "சரி, நேத்து என்ன செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அது கேட்டதுதான் தாமதம், நைஃபாவின் முகமே மாறிவிட்டது. செய்த வேலையைச் சொன்னால் அது புகார் ஆகாதல்லவா. "விடியக்காலை சுபுஹு பாங்குக்குத் திருப்பிப் படுக்க வெப்பேன். நீங்க ரெண்டு மணிக்கொரு தடவைன்னு சொல்லிக் கொடுத்தீங்க. எனக்குக் கடிகாரம் ஒத்து வராது. ஒவ்வொரு பாங்குக்கும் ஒரு தடவை, ரெண்டு பாங்குக்கு நடுவுல ஒரு தடவை. ராத்திரி இஷா பாங்கு முடிஞ்சா மட்டும் நானா எந்திரிக்கணும், மூணு தடவை. அதான் அவர் பக்கம் ஒரு காத வெச்சுட்டே தூங்குவேன்." குளிப்பாட்டுவது, அரைத்த சோற்றைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவது, விரிப்பு மாற்றுவது என்று ஒன்று விடாமல் சொல்லி வந்தவள், நடுவில் நிறுத்தினாள். வலது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு குழாய்த் திட்டில் சாய்ந்தாள். நெற்றி வேர்த்தது. ருதைனா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"ஸ்ஸ். சத்தம் போடாதீங்க. இப்பப் போயிரும். ரெண்டு நிமிஷம். நீங்க அவர்கிட்டப் போய் உக்காருங்க, இல்லாட்டி என்னமோ ஏதோன்னு நெனப்பாரு."

ருதைனா அறைக்குத் திரும்பினாள். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தது. படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூஜ்யத்தின் பக்கத்தில் கொஞ்சம் இழுத்தால் போதும், இரண்டாக்கலாம், மூன்றாக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? பேனா கையில்தான் இருந்தது. ஆனால் பொய் எண் ஒன்று ஏறிவிட்டால், மற்ற முப்பது வீட்டுக் கணக்கையும் சேர்த்து யாரும் நம்ப மாட்டார்கள். பேனாவை மூடப் போனபோது காகிதம் புரண்டு பின்பக்கம் தெரிந்தது.

பின்பக்கத்தில் நோயாளியிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்வி. அதற்கு மார்க் கிடையாது. அதில் போன மாசமே அவள் கையால் ஒரு கோடு இழுத்து 'பேச இயலாதவர்' என்று எழுதியிருந்தாள். இவருக்கு மட்டுமா? முப்பத்தொரு வீட்டில் ஒன்பது பேருக்கு அப்படித்தான் எழுதியிருந்தாள். ஒருவரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. வருகிற விருந்தாளி எல்லாம் கட்டிலுக்கு மேலாக நைஃபாவைப் பார்த்து "வாப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்பார்களே, அதே காரியத்தைத்தான் படித்த இவளும் செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப்போட்டாள். அவருடைய நல்ல கையை, இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஹாஜி, நான் கேக்குறது சரின்னா ஒரு தடவை அமுக்குங்க. இல்லைன்னா ரெண்டு தடவை. நீங்க அபூ ஷிப்லிதானே?"

ஒரு அமுக்கு. பஸ் ஸ்டீயரிங் பிடித்த கை, இன்னும் வலு போகவில்லை.

"நீங்க வாத்தியார் வேலை பாத்தீங்களா?"

இரண்டு அமுக்கு. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் வந்த மாதிரி இருந்தது.

ருதைனா அடித்த கோட்டின் மேலேயே எழுத ஆரம்பித்தாள். "உங்களைப் பாத்துக்கறவங்க களைச்சுப் போயிருக்காங்களா?" ஒன்று. "அவங்களுக்கு உடம்புக்கு முடியலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" ஒன்று. இந்தத் தடவை கையை விடவே இல்லை, அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். "அதை நினைச்சு உங்களுக்குக் கவலையா?" ஒன்று. "கொஞ்ச நாளைக்கு வேற ஒருத்தர் வந்து பாத்துக்கிட்டா உங்களுக்குச் சம்மதமா? ஆம்பளை நர்ஸ்தான் வருவாரு."

பெரியவர் கண்ணை மூடினார். வேற்று மனுஷன் தன் உடம்பைத் தொட்டுக் கழுவுவதை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. அப்புறம் மெதுவாக, ஒரே ஒரு தடவை அமுக்கினார்.

"யார் கேக்கச் சொன்னா உங்கள?"

மரமிய்யா என்கிற வாசனை இலை போட்ட டீத் தட்டோடு நைஃபா வாசலில் நின்றிருந்தாள். தட்டை மேசையில் வைத்த வேகத்தில் டீ சிந்தியது.

"அக்கா, அவருக்கு எல்லாம்..."

"ஏழு வருஷமா சிஸ்டர். ஏழு வருஷமா அவர் காதுல ஒரு முனகல் விழாம பாத்துக்கிட்டேன். வலி வந்தா குளியலறைக்குள்ள போய் குழாயத் திறந்து விட்டுட்டு அழுவேன். ஒரு நிமிஷத்துல அத்தனையையும் ஒடச்சிட்டீங்களே. தான் ஒரு பாரம்னு இனிமே நெனச்சிட்டுக் கெடப்பாரே மனுஷன்."

நைஃபா சொல்வதும் உண்மைதான். மன்னிப்புக் கேட்கலாம் என்று ருதைனா எழுந்தாள். அப்போது பள்ளிவாசலில் சாயங்கால அஸர் பாங்கு ஒலித்தது.

பாங்கு கேட்டால் நைஃபாவின் கை தானாக வேலைக்குப் போய்விடும், கோபம் இருந்தாலும் சரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் போனாள். தலையணையை உருவினாள். தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து அப்பாவை மல்லாத்தினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அடுத்த பக்கம் திருப்ப விரிப்பைப் பிடித்தபோது அவர் இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க யாபா. திருப்பணும்."

ஒரு அமுக்கு, இரண்டு அமுக்கு.

"இல்லைங்கறாரு" என்றாள் ருதைனா மெதுவாக.

"எனக்குத் தெரியுது" என்றாள் நைஃபா. ஆனால் அவளுக்கு இன்றுதான் தெரியும், அது முகத்திலேயே இருந்தது. அப்பாவின் கண்ணைப் பார்த்தே தண்ணீரா, பசியா, குளிரா என்று கண்டுபிடித்து வந்தவள், அவரிடம் பதில் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமா? குழாய்ச் சத்தம், எல்லாம்?"

ஒரு அமுக்கு.

"எத்தனை நாளா? ஆரம்பத்துலேர்ந்தேவா?"

ஒரு அமுக்கு.

அதற்குப் பிறகு நைஃபா அழுததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குழாயைத் திறந்து விடாமல், அப்பாவின் எதிரிலேயே அழுதாள். அவர் கையை விடவில்லை. ருதைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சிந்தின டீயைத் துடைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து நைஃபா மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் காகிதத்த எடுங்க. முதல்லேர்ந்து வாசிங்க."

"அடுப்படிக்குப் போகலாமா?"

"எதுக்கு? இங்கயே வாசிங்க."

ருதைனா வாசித்தாள். அப்பாவின் கை மகளின் கைக்குள் இருந்தது. 'இவரைப் பார்த்துக்கொள்வதால் உங்கள் உடல்நலம் கெட்டிருக்கிறதா?' "எப்போதும்." அந்த முதிய விரல்கள் ஒரு தடவை இறுகித் தளர்ந்தன. 'உங்களுக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா?' "எப்போதும்." ஒரு அமுக்கு. 'கோபம் வருகிறதா?' நைஃபா கொஞ்சம் யோசித்தாள். "சில சமயம். அவர் மேல இல்ல, ஷிப்லி மேல. அத எழுத எடம் இருக்கா?" இடம் இல்லை, ஆனாலும் ருதைனா ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பெரியவரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்புத்தான். பத்தொன்பதாவது முடிந்தபோது கூட்டல் ஐம்பத்தேழில் நின்றது. செவ்வாய்க்கிழமைக்கு நர்ஸ் வந்துவிடுவார்.

"கடைசிக் கேள்விக்கா. 'இவருக்கு இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதா?'"

"எப்..." என்று நைஃபா வாயைத் திறந்தாள்.

அவள் கையைப் பெரியவர் அமுக்கினார். உடனே மறுபடியும் அமுக்கினார், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

நைஃபாவும் அவர் கையை ஒரு தடவை அமுக்கினாள். பிறகு, "ஒருபோதும் இல்லைன்னு எழுதிக்கோங்க" என்றாள்.

ருதைனா பூஜ்யம் போட்டாள்.