எருக்கஞ்செடிக்குக் கட்டிய தாலி

தேவாரம் என்ற ஊரின் கண்மாய்க் கரையில் கருத்தக்கண்ணன் ஓர் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டினான். 1936ஆம் வருஷம் அது. அவனுடைய இரண்டு மனைவிகளும் அடுத்தடுத்துப் பிரசவத்தில் இறந்திருந்தார்கள். மூன்றாம் தாரம் நிலைக்காது என்பது ஊர் நம்பிக்கை. செடியை மூன்றாவதாகக் கட்டி, அப்போதே வெட்டிப் போட்டுவிட்டால் சாவு செடியோடு போய்விடுமாம். சாவை ஏமாற்ற இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது வைத்தியம் எதற்கு? வெட்டும்போது அவனுக்கு எதுவுமே தோன்றவில்லை. மனசு எப்போதோ மரத்துப் போயிருந்தது. மறுநாள் மொக்கம்மாளைக் கட்டினான்.

ஊரில் அவன் வீட்டுக்கு ஆயுசுக்காரர் வீடு என்று பெயர். அப்பா பலவேசம் எண்பது வயதிலும் பொரிகடலையைக் கடித்துத் தின்பார். அவருக்கு வாழ்க்கைப்பட்டுச் செத்தவர்கள் மூன்று பேர். அவர்களை யாரும் அந்தப் பெயரில் சேர்க்கவில்லை.

முட்டையும் கெட்டிச் சோறும் ஆண்களுக்கு. அவர்கள் எழுந்தபின் மொக்கம்மாள் பானையை வழித்து நீராகாரம் குடிப்பாள். அவள் உண்டானபோது பலவேசம் அதையும் குறைத்தார்.

"ஏலே, புள்ளத்தாச்சிக்கு அரை வயித்துக்குத்தான் குடுக்கணும். புள்ள பெருத்தா பேறுகாலம் செரமம்."

ஐப்பசியில் மலைக்காய்ச்சல் வந்து அவளை உலுக்கிவிட்டுப் போனது. முகம் வெளுத்தது, கால் வீங்கியது.

மார்கழியில் ஒருநாள் தண்ணீருக்குப் போனவள் திரும்பவில்லை. கருத்தக்கண்ணன் தேடிப் போனான். கண்மாய்க் கரையில் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன் வெட்டிய எருக்கு.

"இங்கன பாருங்க, துளுத்துருச்சு" என்றாள். "இது சாகலையே. அப்ப நாந்தான போகணும்?"

அழவில்லை. நாளைக்கு என்ன குழம்பு வைக்க என்பதுபோலக் கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். முன்பு செத்த இருவரும் கடைசியில் இப்படித்தான் வெளுத்திருந்தார்கள். அன்றே வண்டி கட்டி அவளைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

நர்சம்மா மொக்கம்மாளின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். "ஒடம்புல ரத்தமே இல்ல. வீட்டுல சோத்துக்குக் கஷ்டமா?"

"இல்லம்மா. வயலு இருக்கு, மாடு இருக்கு."

"அப்ப யாரு சாப்பிடுறாக?"

அவன் மொக்கம்மாளின் வீங்கிய காலைப் பார்த்தான்.

"மருந்து தாரேன். பேறுகாலத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. இப்பயிருந்து நல்லாச் சாப்பிட்டாப் பொழைப்பா. வலி எடுத்ததும் இங்கன கொண்டாந்துருங்க."

வீட்டுக்கு வந்ததும் கருத்தக்கண்ணன் மொக்கம்மாளின் வட்டிலில் முதலில் சோறு போட்டான். முருங்கைக்கீரையும் முட்டையும் வைத்தான். பலவேசத்துக்குப் பொறுக்கவில்லை.

"என்னலே இது? ஆம்பளைக உக்காரு முன்ன பொம்பள திங்கிறதா?"

மொக்கம்மாள் சோற்றில் கை வைக்காமல், அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அதைப் பார்த்ததும் கருத்தக்கண்ணன் வட்டிலை அவள் பக்கம் தள்ளிவிட்டு அப்பாவிடம் திரும்பினான்.

"அப்பா, பொம்பளைக்கு ஆயுசு கம்மின்னு எந்தச் சாமியும் எழுதல. பசியும் வைத்தியம் பாக்காததுந்தான் அவுகளக் கொன்னுச்சு. அவுக வட்டில்ல இருக்கவேண்டிய ஆயுசத்தான் நாம தின்னுட்டு, ஆயுசுக்காரகன்னு பேரு வாங்கியிருக்கோம்."

மொக்கம்மாள் மெதுவாகச் சோற்றைப் பிசைந்தாள்.

மாசியில் மொக்கம்மாள் பிள்ளையோடு போடியிலிருந்து திரும்பியபோது, கண்மாய்க் கரையில் அந்த எருக்கஞ்செடியும் பூத்திருந்தது.