கூரை ஏறியவளின் பங்கு

மூன்றரை மணிக்குக் கடைசி ஆணி இறங்கியது. மழைக்கு இன்னும் நேரமிருந்தது. கூரைமேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மாரிட். நார்வேயிலிருந்து சம்பளமில்லாமல் வீடு கட்டித்தர வந்த குழுவில் இருந்தவள். இன்னொருத்தி வீட்டுக்காரி நமால்வா.

எங்கள் பக்கம் பெண்கள் கூரை ஏறுவதில்லை. ஏறினால் புருஷனுக்கு ஆகாது. மாரிட்டுக்கு அது தெரியாது. நமால்வாவுக்குப் புருஷன் இல்லை. போன மழையில் புல்கூரை சரிந்ததிலிருந்து பிள்ளைகளோடு அடுப்படியில்தான் படுக்கை. அன்று மதியம் தகரம் காற்றில் நழுவியது. ஊர் ஆண்கள் கரும்பு வெட்டவும், குழுவில் மற்றவர்கள் வேறொரு வீட்டு வேலைக்கும் போயிருந்தார்கள். பிடிக்க ஆளில்லாமல் அவளே ஏணியில் ஏறிவிட்டாள்.

கொழுந்தன் கயெம்பா மட்டும் கீழே நின்றான். ஒரு காலை ஊன்ற முடியாதவன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் பார்க்கலைன்னா நடக்கலைன்னு அர்த்தம், டீச்சர்," என்றான் என்னிடம்.

பள்ளிக்கூடம் விடுமுறை. அந்தக் குழு பேசுவதை இவர்களுக்கும் இவர்கள் பேசுவதை அந்தக் குழுவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர்கள் கிளம்புகிறார்கள். மாரிட்டுக்கென்று நமால்வா காலையிலேயே கோழி அறுக்கக் கொடுத்திருந்தாள். கூரையிலிருந்து இறங்கியதும் அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"மாரிட் கறி தொட மாட்டா," என்றேன்.

"உடம்புக்கு ஆகாதா?"

"அதெல்லாம் இல்ல."

"சாமிக்கு நேர்ந்துக்கிட்டாளா?"

"சின்ன வயசுலயே விட்டுட்டாளாம். உயிரைக் கொல்றது மனசுக்கு ஒப்பலையாம்."

நமால்வா சட்டியைப் பார்த்தாள். "இதைக் கொன்னாச்சே டீச்சர்."

"பீன்ஸ் வேகவச்சுக் குடு. முகாம்ல தினமும் அதான் சாப்பிடறா."

"என் பிள்ளைங்க தலைக்கு மேல தகரம் போட்டவளுக்குப் பீன்ஸா? அது வழியில போறவனுக்கும் குடுக்கறது."

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

அவள் வெங்காயத்தை நறுக்கி முடித்தாள்.

"வேண்டாம்னா, அவ குடுத்தது மட்டும் நிக்கும். நான் குடுத்தது நிக்காது. அப்புறம் அந்த வீட்டுக்குள்ள எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

கயெம்பா வாசலில் வந்து நின்றான். "இரைப்பை யாருக்கு?"

கோழியில் இரைப்பை வீட்டுத் தலைவனுக்கு. பெரிய விருந்தாளி வந்தால் விருந்தாளிக்கு. பெண்கள் அதைத் தின்பதில்லை. அண்ணன் செத்த பிறகு இந்த வீட்டில் வெந்த இரைப்பையெல்லாம் கயெம்பாவுக்குத்தான் போனது.

"விருந்தாளி பொம்பளை," என்றான். "அப்ப எனக்குத்தானே?"

"கூரை ஏறினது யாரு?"

"நான் பார்க்கலையே அண்ணி."

"பார்க்காதவனுக்குக் கோழிக்கால் இருக்கு, கழுத்து இருக்கு. போய் உட்காரு."

புது வீட்டுக்குள் பாய் விரித்து, கீரையும் மக்காச்சோளக் களியும் வைத்தாள். மரமும் தகரமும் சூடேறிய வாசனை இன்னும் போகவில்லை. மாரிட்டின் கையில் வெந்நீர் ஊற்றினாள். பிறகு தனித் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து முழங்காலிட்டு இரண்டு கைகளாலும் நீட்டினாள். தட்டில் இரைப்பை மட்டும் இருந்தது.

மாரிட் என்னைப் பார்த்தாள். "இது என்ன?"

சொன்னேன். கோழியின் இரைப்பை என்றும், இங்கே பெண்ணுக்குத் தருவதில்லை என்றும், கூரைக்காக நமால்வா சொல்லும் நன்றி இதுதான் என்றும். சாப்பிடு என்று சொல்லவில்லை.

"வேண்டாம்னா வற்புறுத்தாதீங்க டீச்சர்," என்றான் கயெம்பா. "பாவம், ஊர் போய்ச் சேரணும்."

மாரிட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்தது. முதலில் கூழாங்கல் விழுவதுபோல, பிறகு ஒரே இரைச்சலாக. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. நமால்வா மட்டும் மேலே பார்க்கவில்லை. நீட்டிய தட்டை இறக்கவுமில்லை.

மாரிட் இரைப்பையை எடுத்து, பாதியைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். வெகுநேரம் மென்றாள். விழுங்கியதும் தண்ணீர் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நமால்வாவின் வலது கையைப் பிடித்து விரித்து, மீதிப் பாதியை அதில் வைத்தாள்.

"ஏறினது நான் மட்டும் இல்லையே," என்றாள்.

மழைச் சத்தத்தில் அதை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் கேட்டிருக்கும்.

நமால்வா உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு கயெம்பாவைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான், பிள்ளைகள் உலர்ந்த தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று காத்திருந்தேன். திருப்பவில்லை.

நமால்வா வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மென்றாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

கயெம்பா தன் தட்டிலிருந்த கழுத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அவசரப்படாதீங்க அண்ணி, அது அவ்வளவு சீக்கிரம் மசியாது. எப்படி இருக்கு?"