ரிஸ்தியின் ஒரு மணி நேரம்

தல்திகோர்கன் சந்தையின் மூன்றாவது வரிசையில் நூலும் பொத்தானும் விற்கும் ரிஸ்திக்கு, தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. ஐம்பத்தோரு வயதில் அதற்கான தேவையே வந்ததில்லை என்பது அவள் கட்சி. வரிசையில் மற்றவர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. ஆனால் அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

அந்த வருஷம் மார்ச் முதல் தேதி, நாடு முழுக்க இனி ஒரே நேரம்தான் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தல்திகோர்கனைப்போலக் கிழக்கே இருந்த ஊர்களெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளவேண்டியதாயிற்று. இப்படிச் சீக்கிரம் இருட்டினால் எப்படி என்று புலம்பிக்கொண்டே எல்லோரும் மாற்றினார்கள். ரிஸ்தி மாற்றவில்லை. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தை மாற்ற அவள் கொழுந்தன் தோலெகென் ஸ்டூலில் ஏறினான். அவனை அப்படியே இறக்கிவிட்டாள்.

"இறங்குடா கீழ. சூரியன் என்ன இவங்க கிட்ட சம்பளமா வாங்குது, சொன்னா பின்னால போக?"

"சரி அண்ணி. அப்ப நாளைக்குக் கடைய எத்தனை மணிக்குத் திறக்கணும், உங்க மணிக்கா, ஊர் மணிக்கா?"

"வாய மூடிட்டு பூட்டப் போய் மாட்டு."

தோலெகெனுக்குப் பூட்டுதான் தொழில். இருபது வயதில் கூடாத சேர்க்கையால் ஒரு கிடங்கில் திருடப் போய், இரண்டு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். வெளியே வந்தவனை யாரும் வாசலில் நிற்கக்கூட விடவில்லை. ரிஸ்திதான் கடையின் பின்பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்துத் தொழில் பழகச் சொன்னாள். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இன்று அந்த வரிசையில் இருக்கும் பூட்டுகள் எல்லாம் அவன் கையால் மாட்டியவை. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் இதில் ரிஸ்திக்கு ஏகப்பட்ட பெருமை.

நவ்ரிஸ் என்னும் புத்தாண்டுப் பண்டிகையன்று சந்தைக்கு விடுமுறை. கோஜேக் கஞ்சி குடிக்கவும் மல்யுத்தம் பார்க்கவும் ஊரே மைதானத்தில் கூடியிருந்தது. அன்று பட்டப்பகலில் மூன்றாவது வரிசையில் மூன்று கடைகளில் திருட்டு போயிற்று. ரிஸ்தியின் கடைக்கு நேர் எதிரே இருந்த குவானிஷின் போன் கடைக்குத்தான் பெரிய அடி. ஒரு பூட்டையும் உடைக்கவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. சாவி போட்டுத் திறந்த மாதிரி திறந்திருந்தார்கள்.

மறுநாள் காலை போலீஸ் கேப்டன் ஜாங்கிர் வந்தபோது, அந்த வரிசையில் கேமரா வைத்திருந்தது ரிஸ்தி ஒருத்திதான். குளிர்காலத்தில் அதை வாங்கியபோது, "பொத்தானத் திருட யாரு வரப்போறா அக்கா?" என்று கேலி செய்த அதே குவானிஷ், இப்போது அவள் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரிஸ்திக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கேப்டனுக்குத் தேநீர் ஊற்றினாள், எண்ணெயில் பொரித்த பவுர்சாக் வைத்தாள். "ஆரம்பத்துலேர்ந்து இப்ப நீங்க வந்து நிக்கிறவரைக்கும் முழுசா எடுத்துட்டுப் போங்க தம்பி. என் கேமரா பொய் சொல்லாது" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

திரையில் இரண்டு இருபதுக்கு ஒருவன் வந்தான். தலையையும் மூடும் தொப்பிச் சட்டை, முகம் தெரியவில்லை. நிதானமாக எதிர்க்கடைப் பூட்டைத் திறந்தான். இரண்டு நாற்பதுக்குப் பையோடு போனான். நடுத்தர உயரம், அகன்ற தோள்.

"பூட்ட மாட்டினது யாரு?" என்று கேட்டார் கேப்டன்.

சாயங்காலமே தோலெகெனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு மணிவரை மைதானத்தில் இருந்ததாகச் சொன்னான். அதற்குப் பிறகு? ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தானாம். யாராவது பார்த்தார்களா? இல்லை. மல்யுத்தத்தில் ஒரு கசாப்புக்கடைக்காரனிடம் ஊர் பார்க்கத் தோற்றுவிட்டு, அந்த வெட்கத்தில் போய் உட்கார்ந்தவன் கூட்டத்தையா தேடுவான்? பழைய வழக்கும் சேர்ந்துகொண்டது. இந்தமுறை உள்ளே போனால் அவ்வளவு சுலபத்தில் வரமுடியாது.

"பழக்கம் விட்டுப்போகுமா?" என்று வரிசையின் நடுவில் நின்று கத்தினான் குவானிஷ். "எங்க எல்லார் சாவியையும் கையில வச்சிருந்தவன்! பதினோரு வருஷம் நடிச்சிருக்கான்!"

எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கும் ரிஸ்தி அன்று கடைக்கதவை இழுத்துச் சாத்தினாள். தோலெகெனைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய கேமரா அல்லவா.

அதற்கடுத்த நாள் அவனைப் பார்க்கவிட்டார்கள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நான் இல்ல அண்ணி."

"தெரியும்டா."

"கேமராவத் திட்டாதீங்க. அது யாரையோ பாத்திருக்கு. என்னப் பாக்கல, அவ்வளவுதான்."

கடைக்கு வந்து திரையின் முன் உட்கார்ந்தாள். அந்த இருபது நிமிஷத்தை ராத்திரி முழுக்க எத்தனை முறை பார்த்தாளோ தெரியாது. மறுநாள் காலை கண் பூத்துப்போய் நிமிர்ந்தபோது, சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. திரையின் மூலையிலும் பதினொன்று பத்து. பரவாயில்லை, இந்த ஊரில் ஒரு ஜீவனாவது என் பக்கம் நிற்கிறதே என்று ஒரு நொடி நினைத்தாள்.

மறுநொடி பார்வை கீழே போயிற்று. கையில் இருந்த போன் பத்து பத்து என்றது.

கேமராவை அவள் மறந்தே போயிருந்தாள். அது இணையத்தோடு சேராத தனிப்பெட்டி. தானாக மாறாது, யாராவது மாற்றவேண்டும். யாரும் மாற்றவில்லை. மாற்றக்கூடியவனை ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டது யார்?

செருப்பைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு ஓடினாள். கேப்டன் எதிரே, திருட்டுப்போன போன்களின் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான் குவானிஷ்.

"தம்பி, அது ரெண்டு இருபது இல்ல. ஒண்ணு இருபது. என் கேமரா பழைய மணியில ஓடுது."

கேப்டன் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, நீங்க அவனுக்கு அண்ணி. நாளைக்கு வந்து மூணு இருபதுன்னு சொல்லுவீங்க."

"இப்ப போய் மாத்தி வச்சிட்டுகூட வந்திருப்பாங்க" என்றான் குவானிஷ்.

"என் பெட்டியப் பாக்கவேணாம். அன்னிக்கே நீங்க எடுத்துட்டு வந்தீங்களே, அதப் போடுங்க. கடைசில நீங்களே வருவீங்க. அன்னிக்கு எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு உங்க நோட்டுல எழுதியிருப்பீங்கல்ல?"

கேப்டன் கணினியைத் திருப்பினார். திரையில் அவரே நடந்து வந்தார், தொப்பியைச் சரிசெய்தார், கடைக்குள் நுழைந்தார். மூலையில் பதினொன்று பதினைந்து. நோட்டைப் புரட்டினார். அவருடைய சொந்தக் கையெழுத்தில் பத்து பதினைந்து.



"ஒண்ணு இருபதுலேர்ந்து ஒண்ணு நாப்பது வரைக்கும்..." என்று ஆரம்பித்தார் கேப்டன்.

"மைதானத்துல குப்புற விழுந்து கெடந்தான்" என்றாள் ரிஸ்தி. "ஒலிபெருக்கில பேர் சொல்லி, ரெண்டாயிரம் பேர் பாக்க. எந்தப் போனத் தட்டினாலும் அந்த வீடியோ வரும். அந்தக் கசாப்புக்காரன் நல்லா இருக்கணும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேப்டன் காகிதத்தை எடுத்தார். "எழுதிக் குடுக்கணும் அக்கா. கேமரா மணிய ஏன் மாத்தல?"

அவள் குவானிஷைப் பார்த்தாள், கதவோரம் நின்ற இரண்டு போலீஸ்காரர்களையும் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் இது சந்தை முழுக்கப் பரவிவிடும்.

"கொழுப்பு. அப்படியே எழுதுங்க. தப்பு என்மேல. என் கொழுப்பால ஒரு நல்ல பையன் ரெண்டு ராத்திரி உள்ள கெடந்தான்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே ஆச்சரியம். தலை ஒன்றும் குனியவில்லை. தோலெகெனுக்காகச் சொன்ன அந்த வார்த்தை, வாழ்நாளில் பேசிய எல்லாவற்றையும்விடக் கம்பீரமாக அவள் காதில் விழுந்தது.

அதுவரை கேப்டன் சந்தை முனையிலிருந்த வங்கியின் கேமராவில் இரண்டு நாற்பதைத்தான் பார்த்திருந்தார். அங்கே ஒரு நாய்தான் இருந்தது. இப்போது ஒன்று நாற்பதைப் பார்த்தார். வெள்ளைக் கார், அதில் ஏறும் அகன்ற தோள், பின்னால் தெளிவான எண். மூன்று நாளில் ஆளைப் பிடித்தார்கள். பண்டிகை பார்த்து ஊர் ஊராகப் போய்க் கள்ளச்சாவி போடும் வெளியூர்க்காரன். காரின் பின்பெட்டியில் குவானிஷின் போன்கள் பாதி அப்படியே இருந்தன.

தோலெகென் கடைக்குத் திரும்பி வந்த காலையில் வரிசையே வெளியே வந்து நின்றது. ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. எந்த முகத்தோடு வருவார்கள்? அவன் நேராகப் போய்த் தன் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். ரிஸ்தி அவனுக்குத் தேநீர் ஊற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்துக் கடைவாசலில் நின்றாள்.

முதலில் வந்தது குவானிஷ். கையில் பிரிக்காத புதுப்பூட்டு ஒன்று.

"நான் பேசினது..." என்று இழுத்தான். பூட்டை மேசைமேல் வைத்தான். "நீயே மாட்டிக் குடு."

தோலெகென் பூட்டைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான். "திரும்பக் காணாமப் போனா?"

"போனாப் போகுது."

அரைமணி நேர வேலை. வரிசையே நின்று பார்த்தது. தோலெகென் இழுத்துப் பார்த்தான், திறந்து பார்த்தான், எண்ணெய் விட்டுத் துடைத்தான். இரண்டு சாவிகளையும் குவானிஷின் கையில் கொடுத்தான். குவானிஷ் ஒன்றைத் தன் வளையத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க மற்றதை நீட்டினான்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும்."