பதிவில்லாமல் தடை இல்லை

அன்று காலை ராபிகா கண்ணில் பட்டது அந்தக் கள்ள ஆட்டக்காரனுடைய பத்தொன்பதாவது ஐடி. கரகந்தா நகரில் ஐந்தாம் மாடி வீட்டில் உட்கார்ந்தபடி, இணையத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுச் சர்வர் ஒன்றுக்குக் காலைக் காவல் பார்ப்பவள் அவள். மருந்துக்கடை வேலை மூன்று மணிக்குத்தான். காவலுக்குச் சம்பளமெல்லாம் கிடையாது. ஆனாலும், சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவனைக்கூடக் காட்டிக்கொடுக்கும் கள்ளச் செயலியோடு வருகிறவர்களைப் பிடித்து வெளியே தள்ளுவதில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்தது. விளையாட்டு இலவசம் என்பதால், தள்ளப்பட்டவன் ஐந்தே நிமிடத்தில் புது ஐடியோடு வந்து நிற்பான். வெட்கம் மானம் எதுவும் கிடையாது.

இவனுடைய ஐடிகளுக்கு முதலில் வாயில் நுழையாத எழுத்துகளே பெயராக இருந்தன. பதினாறாவது ஐடி ‘அரிசிக்கஞ்சி’ என்ற பெயரில் வந்தது. ராபிகா சிரித்துவிட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் இன்காருக்கு அரிசிக்கஞ்சி என்றாலே ஆகாது. அடுத்தது ‘மதிய ஷிஃப்ட்’. இன்காருக்குப் பள்ளி மதிய ஷிஃப்ட்தான். ஊரில் பாதிக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் மதியம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பதினெட்டாவது ‘சிவப்புக் கையுறை’. இன்காரின் கையுறை சிவப்பு. உடனே கணினிக் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள், ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். படிக்கட்டில் எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரித்தபோது, அவரையே சந்தேகமாகப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று இறங்கினாள்.

பத்தொன்பதாவதன் பெயர் ‘இன்கார்’.

உடனே, சர்வரை நடத்தும் மார்லெனைக் கூப்பிட்டாள். அவன் பக்கத்து ஊரான தெமிர்தாவில் இருப்பவன், எதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிற சுபாவம்.

“மார்லென், அவன் எம் பொண்ணு பேருலயே வந்துருக்கான்டா.”

“அக்கா, சும்மா குருட்டாம்போக்குல வச்சிருப்பான். அந்தப் பேர்ல ஊருக்குப் பத்துப் பேரு இருக்காங்க.”

“கஞ்சி, ஷிஃப்ட், கையுறை, இப்போ பேரு. எல்லாமே குருட்டாம்போக்கா? வாய மூடு.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது. “வீட்டுக்குள்ள யாராவது வந்து போறாங்களாக்கா?”

“நானும் அவளும்தான்.”

“சரி, போலீசுக்குப் போறோம்னு ஆட்டக்காரங்க குரூப்ல ஒரு வார்த்த போட்டு வைக்கிறேன். நீங்க பழைய பதிவுகள ஒருக்கா பாருங்க. அவன் ஆடுற விதத்துல ஏதாச்சும் தெரியும்.”

பதிவில்லாமல் தடை இல்லை என்பது அந்தச் சர்வரின் விதி. போன வருடம் ஓர் அட்மின் வெட்டி ஒட்டிய பதிவைக் காட்டி வேண்டாதவர்களை விரட்டியதில் பெரிய ரகளையானது. அதிலிருந்து, ஆட்டத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை வெட்டாமல் பிடித்த வீடியோப் பதிவு வேண்டும், அட்மின் தன் வாயால் தேதியும் நேரமும் சொல்ல வேண்டும், எல்லோரும் பார்க்கும்படி குரூப்பில் போட வேண்டும் என்று ஆயிற்று. ராபிகா நேர்மைக்காரி, ஒரு தடவைகூட விதி தவறியதில்லை.

காதில் ஹெட்போனை மாட்டி ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். அவன் ஆட்டத்தைப் பார்க்கப் பார்க்க வியப்பாக இருந்தது. ஒளிக்க முயற்சியே செய்யவில்லை. அவள் கண்ணெதிரே நின்று சுவரைப் பார்த்துச் சுட்டான், பிடி என்று கேட்கிறவனைப்போல. பதினைந்தாவது பதிவில், அவளே தேதி சொல்லி முடித்த பிறகு, பின்னால் மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

“அம்மா, இன்னிக்கும் அரிசிக்கஞ்சியா? எனக்கு வேணாம் போ.”

கேமராவுக்குப் பிளாஸ்திரி போட்டவள் மைக்கை மறந்திருந்தாள். அடுத்த பதிவில், “மதிய ஷிஃப்ட்டுதானே, இன்னும் கொஞ்சம் தூங்குறேன்.” அதற்கடுத்ததில், “செவப்புக் கையுறை எங்கம்மா?” ஒரு ஐடியைத் தூக்கியெறிந்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு பேச்சை வாங்கிக்கொண்டிருக்கிறான். வாரிக் கொடுத்தது அவள்தான்.

நேற்றுப் போட்ட பதிவுதான் கடைசி. அதில் மகள் குரல் இல்லை, அவளுடைய குரலே தெளிவாகக் கேட்டது.

“இன்கார், நாளைலருந்து நீயே தனியா போய்க்கோ. பெரிய ரோட்டுல போகாத, கராஜ் பின்னாடி வழியா போ.”

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வீடு நிசப்தமாக இருந்தது. மணி ஒன்று பத்து. வாசலில் மகளின் பூட்ஸ் இல்லை. போய்ட்டு வரேன் என்று அவள் சொன்னது ஹெட்போனுக்குள் கேட்டிருக்காது.

மகளின் போன் அணைந்திருந்தது. பிப்ரவரிக் குளிரில் அந்தப் பழைய போன் எப்போதும் அப்படித்தான் செத்துப்போகும். கோட்டைக்கூடப் போடாமல் படிகளில் இறங்கி ஓடினாள். கார் நிறுத்தும் கராஜுகளுக்குப் பின்னால் பனியில் சின்னப் பூட்ஸ் தடம் இருந்தது. அதன்மேலேயே பெரிய தடம் ஒன்றும் பதிந்திருந்தது. எல்லோரும் நடக்கும் வழிதான் என்று அறிவு சொன்னது. கால் கேட்கவில்லை. மகளின் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினாள்.

பள்ளியில் கோட்டுகள் மாட்டும் அறையில் இன்கார் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி வகுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, கோட்டு இல்லாம வந்துருக்க? பைத்தியமா நீ?”

ராபிகா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அப்போது மார்லென் கூப்பிட்டான்.

“அக்கா, ஆள் மாட்டிட்டான். போலீஸ்னு போட்டதும் பயந்துபோய் வீட்டுல சொல்லிருக்கான், அவங்க அம்மாவே போன் பண்ணிட்டாங்க. நாட்டோட மேற்குக் கோடியில, ஓரால்ல காலேஜ் படிக்கிற வெட்டிப்பய. அங்கேருந்து உங்க ஊருக்கு வரணும்னா நாள்கணக்குல ரயில்ல உக்காரணும். அக்கா ரொம்ப அலட்டிக்கிறாங்க, கொஞ்சம் பயங்காட்டலாம்னு செஞ்சேன்னு அழுவுறான். நிம்மதியா இருங்க.”

அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓராலுக்கே போய் அவனை நாலு அறை விட வேண்டும்போல இருந்தது. பிறகு என்னவோ தோன்றிக் கேட்டாள்.

“நேத்து போட்ட பதிவ எத்தன பேரு பாத்துருக்காங்க?”

“இருங்க... நானூத்திப் பன்னெண்டு.”

“பின்னாடி வீட்டுப் பேச்சு கேக்குது, ஜாக்கிரதைன்னு அதுல யாராவது எழுதுனாங்களா?”

“இல்லக்கா. யாருமே எழுதல.”

ராபிகாவுக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. ஓரால்காரன் காதில் விழுந்ததை வெளியே காட்டிக்கொண்டவன். மற்றவர்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்கள். அதில் இந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேரோ.

மணி அடித்தது. இன்கார் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். ராபிகா மருந்துக்கடைக்கு இன்று வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரமாகப் போய் நின்றாள். எதிரே பஸ்ஸுக்காக ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கத் தொடங்கினாள்.